மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் கேரல்: சர்ச்சில் லைட்டை ஏன் அணைக்கிறாங்க?

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் ஹாஸ்டலில் தங்கி ஷிப்ட் பார்ப்பவர்களில் எல்லோருக்கும் கிறிஸ்துமஸுக்கு ஊருக்குப் போக லீவு கிடைத்துவிடாது. சென்னை சர்ச்சுகளில் டிசம்பர் மாலைகளில் நடக்கும் கேரல் சர்வீஸ், உண்மையில் இப்படிப்பட்டவர்களையும் நினைத்து உருவானதுதான்.

என்ன நடக்கும்?

லைட்டை அணைத்துவிட்டு மெழுகுவர்த்தி ஏற்றுவார்கள். பைபிளிலிருந்து 9 பகுதிகள் வாசிப்பார்கள், நடுநடுவே பாடகர் குழு பாடும். முதல் வாசிப்பு ஆதாம் செய்த தவறு. கடைசி, இருளில் வரும் ஒளியைப் பேசும் யோவான் முதல் அதிகாரம். மெழுகுவர்த்தி சும்மா அழகுக்கு இல்லை என்பது அங்கேதான் புரியும்.

எப்படி வந்தது?

1880-ல் இங்கிலாந்தின் ட்ரூரோவில், கதீட்ரல் கட்டி முடிக்காததால் ஒரு மரக் கொட்டகையில் நடந்தது. கிறிஸ்துமஸுக்கு முந்தைய ராத்திரி ஆண்களை மதுக்கடை பக்கம் போகவிடாமல் தடுக்கத்தான் இந்த ஏற்பாடு என்றும் சொல்வார்கள்!

1918-ல் முதல் உலகப்போர் முடிந்த கையோடு, கேம்பிரிட்ஜ் கிங்ஸ் கல்லூரியில் எரிக் மில்னர்-ஒயிட் இதைத் தொடங்கினார். போரில் ராணுவப் பாதிரியாராக இருந்தவர் அவர். அவர் எழுதிய தொடக்க ஜெபத்தில் ஏழைகள், பசித்தவர்கள், துக்கத்தில் இருப்பவர்கள், தனிமையில் இருப்பவர்கள், இறந்துபோனவர்கள் என எல்லோருக்கும் இடம் உண்டு. 1928-ல் பிபிசி வானொலி ஒலிபரப்பியதும் உலகமெங்கும் பரவியது.

அங்கே முதல் பாட்டைத் தனியாகத் தொடங்கும் சிறுவன் யார் என்பது கடைசி நிமிஷத்தில்தான் அவனுக்கே தெரியும். முன்னாடியே சொன்னால் பயந்துடுவான்ல!

சென்னைக்கும் கூட்டாகப் பாடுவது புதுசு இல்லை. மெட்ராஸ் மியூசிக்கல் அசோசியேஷன் 1893-லேயே தொடங்கியது.

போக நினைப்பவர்கள் நேரத்தை அந்தந்த சர்ச்சில் விசாரித்துவிட்டு, கொஞ்சம் சீக்கிரமே போய் உட்காருவது நல்லது. லைட் அணைந்த பிறகு இடம் தேடுவது கஷ்டம்.