முசுட்டை இலையும் ஊரார் சோறும்

திருக்கோவிலைத் தாண்டியதும் தெருவோரத்தில் ஒரு பழைய வேலி. விடிந்து அரை மணிநேரம்கூட ஆகவில்லை. எனக்கு முன்னே நடந்துகொண்டிருந்த ஓர் அம்மா சட்டென்று நின்று, வேலியில் படர்ந்திருந்த கொடியின் இலைகளை ஒவ்வொன்றாகக் கிள்ளி மடியில் போட்டுக்கொண்டார். ஓர் இலையைத் திருப்பி என் முகத்துக்கு நேரே பிடித்தார். மேற்பக்கம் கடும்பச்சை. கீழ்ப்பக்கம் வெள்ளி பூசியதுபோல மெல்லிய மயிர்.

"முசுட்டை, சாமி. கீழ வெள்ளையா இருக்கோ எண்டு பாத்துத்தான் கிள்ள வேணும். ஐமிச்சம் எண்டால் விட்டிட வேணும்."

அவருக்கு எழுபது வயதுக்கு மேல். முல்லைத்தீவுக்காரர். தொண்டைமானாறு செல்வச்சந்நிதியில் கூட்டத்தோடு புறப்பட்டு, முல்லைத்தீவு, திருகோணமலை, வெருகல், மட்டக்களப்பு என்று கிழக்குக் கரையைப் பிடித்துக்கொண்டு ஒரு மாதத்துக்கு மேலாக நடந்து வந்திருந்தார். சேலைத் தலைப்பு முடிச்சில் இருந்தது கதிர்காமத்திலிருந்து வீடு திரும்புவதற்கான பஸ் காசு மட்டும். வழியில் அதை அவிழ்ப்பதில்லை என்றார். கதிர்காமப் பாதயாத்திரையில் எல்லோரும் எல்லோருக்கும் சாமிதான். நேற்று வந்து சேர்ந்த நானும் அவருக்குச் சாமி.

அன்று மத்தியானம் ஒரு கோயில் மடத்தில் அந்த இலை வறையானது. இலையை நூல்போல அரிந்தார். சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், உப்பு, ஒரு பிடி தேங்காய்ப்பூ. சட்டியில் நாலு கிளறு கிளறி இறக்கிய பிறகுதான் தேசிக்காய் பிழிந்தார். "அடுப்பில வைச்சுக்கொண்டு புளி விட்டால் கைச்சுப் போகும்" என்பது அவர் சொன்ன காரணம். சுவைக்காகச் செய்த இந்த ஒழுங்கில் நல்ல உயிர்வேதியியல் இருக்கிறது. கடும்பச்சை இலைகளில் உள்ள பீற்றா கரோட்டினிலிருந்துதான் உடல் விற்றமின் ஏயைத் தயாரித்துக்கொள்கிறது. அது கொழுப்பில் கரைவது. கொழுப்பு இல்லாத சாப்பாட்டில் பெரும்பகுதி குடலில் உறிஞ்சப்படாமலே போய்விடும். தேங்காய்ப்பூ அந்தக் கொழுப்பைத் தருகிறது. இலையில் உள்ள இரும்புச்சத்தும் அப்படித்தான்: இறைச்சியிலுள்ள இரும்பைப்போல அது எளிதில் உறிஞ்சப்படுவதில்லை. கூடவே விற்றமின் சி இருந்தால் உறிஞ்சல் கூடும். விற்றமின் சி சூட்டில் அழிவது. ஆகவே இறக்கிய பின் பிழிந்த தேசிக்காய்தான் பயன் தரும்.

பொன்னாங்காணி, தூதுவளை, கொவ்வை இலை, முடக்கொத்தான் என்று வழியில் பறித்து உண்ணக்கூடியவை நிறைய. விளாம்பழமும் நாவற்பழமும் காலத்தைப் பொறுத்துக் கிடைக்கும். விற்றமின் சி அறவே இல்லாத சாப்பாட்டில் ஒன்று முதல் மூன்று மாதங்களுக்குள் முரசில் இரத்தம் கசியும் ஸ்கேர்வி தலைகாட்டும். சந்நிதியிலிருந்து கதிர்காமம் ஒன்றரை மாதத்துக்கு மேற்பட்ட நடை. வெறும் சோறும் பருப்புமாக நடப்பவருக்கு அந்த ஒரு பிடி இலை பெரிய காவல்.

ஆனால் "காட்டில் கிடைப்பதைத் தின்றே நடந்துவிடலாம்" என்று ஆசையோடு பேசுகிறவர்களுக்கு ஒரு கணக்கைச் சொல்லியாக வேண்டும். 55 கிலோ எடையுள்ள ஒருவர் சும்மா இருந்தாலே உடல் நாளொன்றுக்கு ஏறத்தாழ 1,300 கலோரி எரிக்கும். 20 கிலோமீற்றர் நடந்தால் அதற்கு மேலும் பல நூறு. குளிக்க, சமைக்க, மூட்டை சுமக்க என்று சேர்த்தால் 2,300க்குக் குறையாது. நூறு கிராம் கீரையில் சுமார் 40 கலோரிதான் இருக்கிறது. கீரையால் மட்டும் அந்தக் கணக்கை நிரப்ப நாளுக்கு ஐந்தரைக் கிலோவுக்கு மேல் தின்ன வேண்டும். மாட்டுக்கு அதற்கென்று நாலு அறை இரைப்பை இருக்கிறது, நமக்கு இல்லை. அதே சக்தி 650 கிராம் அரிசியில் அடங்கிவிடும். எந்தச் சாமியும் இலையால் கதிர்காமம் போய்ச் சேருவதில்லை. சோற்றால் போகிறார்கள். அந்தச் சோறு வழிநெடுக ஊரார் ஆக்கிப் போடுவது.

காசில்லாமல் நடப்பது என்பதன் பொருள் இதுதான் என்று எனக்குப் புரிந்தது அந்த மடத்து வாசலில். செலவு இல்லாமல் ஒன்றும் நடக்கவில்லை. முந்தின நாளே ஒரு குடும்பம் அரிசி கழுவியிருந்தது. இன்னொருவர் விறகு கொண்டுவந்து போட்டிருந்தார். யாரோ ஒரு பிள்ளை சைக்கிளில் வாழையிலை கட்டிவந்தது.

போடப்பட்டது புழுங்கல் அரிசிச் சோறு. இதையும் கவனிக்க வேண்டும். தயமின் எனப்படும் விற்றமின் பி1 உடலில் இரண்டு மூன்று வாரத்துக்குத்தான் சேமிப்பில் இருக்கும். மாப்பொருளை எரித்துச் சக்தியாக்க அது தேவை. நெல்லில் அது பெரும்பாலும் தவிட்டில் இருப்பதால், பச்சையரிசியை வெள்ளையாகத் தீட்டினால் போய்விடும். 1890களில் ஜாவாவில் கிறிஸ்தியான் எய்க்மன் என்ற டச்சு மருத்துவர், தீட்டிய அரிசி தின்ற கோழிகள் கால் விளங்காமல் விழுவதைக் கண்டார். அது பெரிபெரி நோயைப் புரிந்துகொள்ள வழி திறந்தது. 1929இல் அவருக்கு நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. பெரிபெரி என்ற பெயரே சிங்களத்திலிருந்து வந்தது என்பார்கள். நெல்லை உமியோடு ஊறவைத்து அவிக்கும்போது தயமினில் ஒரு பகுதி அரிசியின் உள்ளே இறங்கிவிடுகிறது. பிறகு தீட்டினாலும் அது தங்கும். ஒன்றரை மாதம் சோற்றையே நம்பி நடக்கும் கால்களுக்கு, அந்த அவியல் பானையில் பாதுகாப்பு இருக்கிறது.

தெரியாததைத் தின்பதன் ஆபத்து சிறியதல்ல. கார்த்திகைப்பூக் கொடியின் கிழங்கு இதற்கு உதாரணம். கோடையில் கொடி காய்ந்து உதிர்ந்துவிடும். அடையாளம் சொல்ல இலையும் இருக்காது, பூவும் இருக்காது. மண்ணுக்குள் கிழங்கு மட்டும் உண்ணும் கிழங்கைப்போலப் படுத்திருக்கும். அதிலுள்ள கொல்சிசின், உயிரணுக்கள் பிரிந்து பெருகுவதையே நிறுத்துகிறது. முதலில் வாந்தியும் கழிச்சலும். பிழைத்தவருக்கு ஓரிரு வாரம் கழித்துத் தலைமயிர் கொட்டும். "ஐமிச்சம் எண்டால் விட்டிட வேணும்" என்ற சொல் எத்தனை பேரைக் காத்திருக்கும்!

பசியைவிடப் பெரிய சோதனை தண்ணீர். யாத்திரை நடப்பது கச்சான் காற்றுக் காலத்தில். தென்மேற்குப் பருவக்காற்று மத்திய மலைநாட்டில் மோதி, மேற்குச் சரிவில் மழையைக் கொட்டிவிட்டு, வெறுங்கையோடு கிழக்கே இறங்குகிறது. காய்ந்த காற்று நூறு மீற்றர் இறங்க ஏறத்தாழ ஒரு பாகை சூடேறும். மட்டக்களப்பு, அம்பாறை வெளிகளில் அது முகத்தில் அடிக்கும்போது வியர்வை வந்த சுவடே தெரியாமல் உலரும். வியர்க்கவில்லை என்று நினைப்போம். சட்டையில் வெள்ளையாய் உப்புக்கோடு விழுந்திருக்கும். ஒரு லீற்றர் வியர்வையில் ஏறத்தாழ ஒரு கிராம் சோடியம் போகிறது. அதை ஈடுசெய்யாமல் வெறும் தண்ணீரையே மேலும் மேலும் குடித்தால் இரத்தத்தில் சோடியம் தாழ்ந்து தலைசுற்றும், மயக்கம் வரும்.

தாகசாந்தி நிலையங்களில் தரும் உப்புக் கஞ்சியின் அருமை அங்கேதான். குடற்சுவரில் குளுக்கோசையும் சோடியத்தையும் சேர்த்தே உள்ளே கொண்டுபோகும் ஒரு புரதம் இருக்கிறது. இரண்டும் போனால் பின்னாலேயே தண்ணீரும் போகும். இந்த இணைப்பை ரொபேர்ட் கிரேன் 1960இல் பிராக் நகரில் நடந்த கூட்டமொன்றில் எடுத்துரைத்தார். வயிற்றோட்டத்துக்குக் கொடுக்கும் ஜீவனி அந்த அடிப்படையில் வேலை செய்வது. அரிசி மாப்பொருள் குடலில் குளுக்கோசாக உடைவதால் உப்புக் கஞ்சியும் அதே வாசலைத் திறக்கிறது.

கலங்கல் தண்ணீருக்கு அம்மாவிடம் இருந்தது தேத்தாங்கொட்டை. மட்டக்களப்புப் பக்கம் தேத்தாத்தீவு என்று ஊரே இருக்கிறது. குடத்தின் உட்புறத்தில் கொட்டையைச் சுற்றிச் சுற்றி உரைத்துவிட்டுத் தண்ணீரை ஊற்றி வைத்தார். சோறு ஆறுகிற நேரத்துக்குப் பிறகு எட்டிப் பார்த்தேன். சேறு அடியில் மெத்தைபோல இறங்கியிருந்தது. தண்ணீரில் மிதக்கும் நுண்ணிய களிமண் துகள்கள் எதிர்மின்னேற்றம் கொண்டவை. ஒன்றையொன்று தள்ளுவதால் சேர்ந்து படியமாட்டா. கொட்டையிலிருந்து கரையும் நீண்ட சங்கிலி மூலக்கூறுகள் துகளுக்குத் துகள் பாலம்போல் ஒட்டி, கொத்தாக்கிக் கீழே இறக்குகின்றன. தெளிந்த தண்ணீர் கிருமியற்ற தண்ணீர் ஆகாது. கொதிக்க வைத்தே ஆக வேண்டும். அம்மாவும் கொதிக்க வைத்தார். இதே பேரினத்தில்தான் எட்டியும் இருக்கிறது. எட்டிக்கொட்டை தட்டையாய்க் காசுபோல இருக்கும், ஸ்ட்ரிக்னின் நஞ்சு நிறைந்தது. ஒரு குடும்பத்தில் ஒன்று குடத்துக்கு, ஒன்று குழிக்கு.

உகந்தை முருகன் கோயிலுக்குப் பிறகு ஊர் இல்லை. குமண, யால காடுகளூடாக 80 கிலோமீற்றருக்கு மேல், நாலைந்து நாள் நடை. குமுக்கன் ஆறு, நாவலடி, வியாழை என்று தங்கல்கள். ஆறு வற்றிய இடத்தில் மணலைத் தோண்டினால் ஊற்று சுரக்கும். மணற்படுகையே வடிகட்டி. மருதமரங்களின் நிழலில் அதைச் சுற்றிக் குந்தியிருந்து கையால் கோலிக் குடித்தோம்.

அது பாலைப்பழக் காலம். மஞ்சளாய் உதிர்ந்த பழத்தை வாயில் போட்டால் தேன். ஓரிரு பழத்திலேயே உதடு பால்பிடித்து ஒட்டும். கரடிகளுக்கும் அதுதான் விருந்து. மரமேறித் தின்னும், அடியில் பொறுக்கியும் தின்னும். நடக்கிறவர்கள் கூட்டமாய், "அரோகரா" என்று சத்தமாய்ப் போவதற்கு அதுவும் ஒரு காரணம். குமண, யால இரண்டும் தேசிய வனங்கள். இலைகூடப் பறிக்கக் கூடாது. அந்தச் சட்டம் நியாயமானது என்றே நினைக்கிறேன். ஆயிரக்கணக்கில் போகிறவர்கள் ஆளுக்கொரு கிளை முறித்தால் கரடிக்கு என்ன மிஞ்சும்? ஆகவே காட்டுக்குள் போகும் சோறு உகந்தையிலேயே மூட்டையில் ஏறிவிட வேண்டும். அங்கே ஒரு குடும்பம் அம்மாவின் பையில் அரிசி அளந்து போட்டது. அவர் அதில் பாதியை வேறொரு சாமியின் துணியில் கொட்டினார்.

எனக்கு மனம் கனப்பது காட்டுக்கு வெளியே, தெருவோர வேலிகளை நினைத்து. கிளிசரியாவும் கிளுவையும் நின்ற இடத்தில் இப்போது மதில் எழுகிறது. மதிலில் முசுட்டை படராது. படராத கொடியைப் பேரப்பிள்ளைக்குத் திருப்பிக் காட்ட முடியாது.

மாணிக்க கங்கையில் முழுகிக் கரையேறியதும் அம்மா பஸ் காசு முடிச்சை அவிழ்த்தார். பிறகு பையில் இருந்த தேத்தாங்கொட்டையை எடுத்து என் கையில் வைத்தார். அதன் ஒரு பக்கம் உரைத்து உரைத்துத் தட்டையாய்த் தேய்ந்திருந்தது.