641-இல் சிக்கிய எண்

4,29,49,67,297 என்னும் இந்த எண்ணைப் பாருங்கள். இது பகா எண்ணா, பகு எண்ணா? ஒற்றை எண் ஆகையால் 2-ஆல் வகுபடாது. இலக்கங்களின் கூடுதல் 59. ஆகவே 3-ஆலும் வகுபடாது. 7-இல் முடிவதால் 5-உம் இல்லை. அதற்கு மேல்? இதன் வர்க்கமூலம் ஏறத்தாழ 65,536. அதற்குக் கீழே 6,542 பகா எண்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றாலும் வகுத்துப் பார்க்க யாருக்குப் பொறுமை உண்டு?

1640-இல் பிரெஞ்சுக் கணித அறிஞர் ஃபெர்மா ஒரு வரிசையை ஆராய்ந்தார். 2¹+1=3, 2²+1=5, 2⁴+1=17, 2⁸+1=257, 2¹⁶+1=65,537. அடுக்கு ஒவ்வொரு முறையும் இரட்டிக்கிறது. ஐந்துமே பகா எண்கள்! எனவே இவ்வரிசையில் வரும் எல்லா எண்களும் பகா எண்களே என்று அவர் நம்பினார். நிரூபணம் மட்டும் அவருக்குக் கிட்டவில்லை. நம் எண் இதே வரிசையில் ஆறாவது, அதாவது 2³²+1.

92 ஆண்டுகள் கழித்து, 1732-இல், 25 வயது ஆய்லர் விடையைச் சொன்னார்: 641 × 67,00,417. நம்பிக்கை தகர்ந்தது.

641-ஐ எப்படிப் பிடிப்பது? இந்த எண்ணின் காரணி எதுவானாலும், அதை 64-ஆல் வகுத்தால் மீதி 1 வந்தாக வேண்டும். இதைப் பின்னாளில் ஆய்லரே நிறுவினார். அத்தகைய பகா எண்கள் 193, 257, 449, 577, 641... ஐந்தாவது முயற்சியிலேயே அகப்பட்டுவிடுகிறது! இதே போன்ற ஒரு வழியால், அதே 1640-இல், 2³⁷−1 என்ற எண்ணுக்கு 223 என்னும் காரணியைக் கண்டவர் ஃபெர்மா. அவர் இதை எப்படித் தவறவிட்டார் என்பதுதான் வியப்பு.

நீண்ட வகுத்தல் இல்லாமலே நீங்கள் இதைச் சரிபார்க்கலாம். தாளும் பென்சிலும் எடுத்துக்கொள்ளுங்கள்.

640 = 5×2⁷. ஆகவே 640⁴ = 5⁴×2²⁸. இனி, 640⁴−1 = (640+1)(640−1)(640²+1). முதல் காரணியே 641! எனவே 5⁴×2²⁸−1 என்பது 641-ஆல் மீதியின்றி வகுபடும்.

அடுத்து, 641 = 625+16 = 5⁴+2⁴. இதை 2²⁸-ஆல் பெருக்கினால் 5⁴×2²⁸+2³² கிடைக்கும். இதுவும் 641-இன் மடங்கு.

பின்னதிலிருந்து முன்னதைக் கழியுங்கள். 5⁴×2²⁸ மறைந்துவிடும்; எஞ்சுவது 2³²+1. இரு மடங்குகளின் வித்தியாசமும் 641-இன் மடங்குதானே!

ஃபெர்மாவின் வரிசையில் முதல் ஐந்தைத் தவிர வேறு பகா எண் எதுவும் இதுவரை கிடைக்கவில்லை. ஆறாவது முதல் 33-ஆவது வரை எல்லாமே பகு எண்கள் என்று தெரிந்துவிட்டது. அவற்றுள் 21-ஆவது எண் விசித்திரமானது. அதில் 3,15,653 இலக்கங்கள். அது பகு எண் என்பதை 1987-இல் கணிப்பொறி உதவியால் மெய்ப்பித்தார்கள். ஆனால் அதன் காரணி ஒன்றுகூட இன்னும் யாருக்கும் அகப்படவில்லை.