இடுப்பு வலிக்காரர் கையில் எந்த மண்வெட்டி?

கோலார் தங்கவயல் வாசிகளுக்கு மண் தோண்டக் கற்றுத் தருவது மீன் குஞ்சுக்கு நீந்தக் கற்றுத் தருவது போல. 1880-ஆம் ஆண்டு ஜான் டெய்லர் கம்பெனி இங்கே காலூன்றியது முதல், 2001 பிப்ரவரி 28-ஆம் தேதி சுரங்கங்கள் மூடப்பட்டது வரை, வட ஆற்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் வந்த தமிழர்கள் தலைமுறை தலைமுறையாக இங்கே தோண்டினார்கள். சாம்பியன் ரீப் சுரங்கம் பத்தாயிரம் அடிக்கும் கீழே போயிற்று. அங்கே இறங்கி ஏறியவர்களில் பலருக்கு இன்று குனிந்து ஒரு குடம் தண்ணீர் தூக்க முடியவில்லை.

ஆண்டர்சன்பேட்டைப் பக்கத்தில் அப்படி ஒரு முதியவர். ஜாக்ஹாமர் பிடித்த கை. சுரங்கம் மூடிய நாளோடு வேலை போயிற்று. இடுப்பு வலி மட்டும் கூடவே வந்துவிட்டது. சென்ற மழைக்கு அவர் வீட்டுக் கொல்லைச் சுவர் சரிந்தது. சரிந்த மண்ணை அள்ளிப் போட்ட அவசரத்தில் மனைவியின் தாலிக் கயிறு அறுந்து, அதில் கோத்திருந்த இரண்டு குண்டுகள் மண்ணோடு மண்ணாகப் போய்விட்டன. பொட்டு கிடைத்தது. குண்டுகள் கிடைக்கவில்லை. அந்த அம்மாள் இரண்டு நாள் சோறு தின்னவில்லை.

பெங்களூரில் வேலை பார்க்கும் பேரன், நண்பனிடம் மெட்டல் டிடெக்டர் ஒன்றை இரவல் வாங்கிக் கொண்டு மாரிகுப்பம் ரயிலில் வந்து இறங்கினான்.

"இன்னாடா இது, கொசு மருந்து அடிக்கிற குழாயா?" என்று கேட்டார் கிழவர்.

"தாத்தா, இது கத்தற இடத்துல தோண்டணும். நான் தோண்டறேன், நீ குனியாதே" என்றான் பையன்.

கிழவர் கேட்பாரா? மூலையில் கிடந்த பழைய மம்பட்டியை எடுத்தார். முதல் நாள் ஒன்பது குழி. கிடைத்தவை: ஆணிகள், தகரத் துண்டுகள், சோடா மூடிகள். மறுநாள் காலையில் அவரைப் பாயிலிருந்து இரண்டு பேர் சேர்ந்து தூக்கி உட்கார வைக்க வேண்டியிருந்தது.

கருவி ஏன் ஆணியைக் காட்டுகிறது?

மெட்டல் டிடெக்டருக்குத் தங்கம், தகரம் என்ற மரியாதை கிடையாது. அதன் அடியில் உள்ள கம்பிச் சுருளில் மின்சாரம் மாறி மாறி ஓடுகிறது. அதனால் மண்ணுக்குள் காந்தப் புலம் மாறிக் கொண்டே இருக்கிறது. உள்ளே எந்த உலோகம் இருந்தாலும் அதில் சிறு மின்னோட்டம் பிறந்து திருப்பிப் பதில் சொல்லும். கருவி அதைக் கேட்டுக் கத்துகிறது. நல்ல கருவிகள் இரும்பின் குரலை ஓரளவு பிரித்துக் காட்டும். இரும்பும் தங்கமும் அருகருகே கிடந்தால் அவையும் தடுமாறும்.

இந்தத் தடுமாற்றம் புதிதல்ல. 1881-இல் அமெரிக்க ஜனாதிபதி கார்பீல்டு சுடப்பட்டபோது, டெலிபோனைக் கண்டுபிடித்த கிரகாம் பெல் உடம்புக்குள் இருந்த குண்டைத் தேட இதே தத்துவத்தில் ஒரு கருவி செய்து கொண்டு போனார். குண்டு அகப்படவில்லை. ஜனாதிபதி படுத்திருந்த கட்டிலின் எஃகு ஸ்பிரிங்குகள் கருவியைக் குழப்பிவிட்டன என்று பிறகு சொல்லப்பட்டது.

தங்கவயல் லைன் வீடுகளின் கொல்லையும் ஒரு வகையில் ஸ்பிரிங் கட்டில்தான். தட்டியும் தகரமும் வைத்துக் கட்டிய வீடுகள். பிரித்துப் பிரித்துக் கட்டிய வீடுகள். எத்தனை தலைமுறை ஆணி அந்த மண்ணில் உதிர்ந்திருக்கும்! ஆகவே இங்கே கருவி கத்துகிற ஒவ்வொரு இடத்தையும் முழங்கால் ஆழம் தோண்டுவது என்று புறப்பட்டால், நல்ல இடுப்பே தாங்காது.

கணக்குப் பார்த்தால்...

ஒரு கன அடி மண் நாற்பது கிலோவுக்குக் குறையாது. ஈரமாக இருந்தால் இன்னும் கூடும். ஓர் அடி நீளம், ஓர் அடி அகலம், அரை அடி ஆழம் என்று ஒரு குழி வெட்டினால் இருபது கிலோ மண் வெளியே வருகிறது. ஒன்பது குழிக்கு நூற்று எண்பது கிலோ. அதையே திரும்ப மூடவும் வேண்டும். கிழவர் அன்று ஏறக்குறைய முந்நூற்று அறுபது கிலோ மண்ணைக் குனிந்தபடி புரட்டியிருக்கிறார். சுரங்கத்தில் இருந்திருந்தால் அதற்குக் கூலியாவது கிடைத்திருக்கும்.

அதே குழியை நாலு அங்குலச் சதுரத்தில், அதே அரை அடி ஆழத்துக்கு வெட்டினால் இரண்டே கால் கிலோதான். ஆகவே இடுப்பு வலிக்காரர் முதலில் கவலைப்பட வேண்டியது மண்வெட்டியைப் பற்றி அல்ல, குறி பார்ப்பதைப் பற்றி. கருவியைக் கிழக்கு மேற்காக ஒரு முறை, வடக்கு தெற்காக ஒரு முறை வீசி, இரண்டு கோடுகளும் வெட்டிக் கொள்ளும் இடத்தில் ஒரு குச்சியை நட வேண்டும். கைப்பிடி அளவில் வருகிற சிறு கருவி ஒன்று உண்டு. குழிக்குள் விரல் போல விட்டால் எந்தப் பக்கம் என்று காட்டிவிடும். பணம் இருப்பவர்கள் புது மண்வெட்டி வாங்குவதற்கு முன் அதை வாங்கலாம்.

மம்பட்டியா, கடப்பாரையா?

நம் ஊர் மம்பட்டியின் காம்பு பெரும்பாலும் குட்டை. வரப்பு கட்டவும் வாய்க்கால் ஒதுக்கவும் அது சௌகரியம். ஆனால் அதைப் பிடிக்கிறவன் தன் உடம்பை இரண்டாக மடித்தாக வேண்டும். ஸ்வீடன் நாட்டு எலும்பு மருத்துவர் நாக்கெம்சன் என்பவர் 1960-களில் உயிருள்ள மனிதர்களின் முதுகெலும்புத் தட்டுக்குள் ஊசி செருகி அழுத்தத்தை அளந்து பார்த்தார். நேராக நிற்பதைவிட முன்னால் குனிந்தால் அழுத்தம் ஏறுகிறது. குனிந்தபடி பாரமும் தூக்கினால் இன்னும் ஏறுகிறது. குனிந்தபடியே உடம்பைத் திருப்பி மண்ணைப் பக்கவாட்டில் வீசுவது எல்லாவற்றிலும் மோசம். கிழவர் செய்தது அதைத்தான். சுரங்கத்தில் டப்பில் மண் அள்ளிப் போட்ட பழக்கம்.

நின்றுகொண்டு வேலை செய்ய வேண்டுமானால் காம்பு நெஞ்சு உயரத்துக்கு வர வேண்டும். மரக்கடையில் கருவேலங் காம்பு உறுதியாகக் கிடைக்கும், கனமும் இருக்கும். முற்றிய மூங்கில் லேசு. பழைய மம்பட்டித் தலையிலேயே நீளக் காம்பு போட்டு ஆப்பு அடித்துக் கொள்ளலாம். புதிது வாங்க வேண்டியதில்லை. தலை சிறிதாக இருப்பது நல்லது. பெரிய தலை பெரிய வாய். அள்ளியதை எல்லாம் இடுப்புதான் தூக்க வேண்டும்.

அமெரிக்காவில் பிரடெரிக் டெய்லர் என்ற இஞ்சினீயர், சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தை ஒட்டி, பெத்லகேம் இரும்பு ஆலையில் மண்வாரி ஆராய்ச்சியே நடத்தினார். (நம் ஜான் டெய்லருக்கும் இவருக்கும் சம்பந்தமில்லை.) ஒரு வாரலுக்கு இருபத்தோரு பவுண்டு, அதாவது ஒன்பதரை கிலோ இருந்தால், நாள் முழுவதும் அதிக வேலை நடக்கிறது என்று கண்டார். கனமான தாதுவுக்குச் சின்ன வாரி, லேசான சாம்பலுக்குப் பெரிய வாரி என்று பிரித்துக் கொடுத்தார். அந்த இருபத்தோரு பவுண்டு முதலாளியின் கணக்கு. திடகாத்திரமான ஆளுக்கு உரியது. இடுப்பு வலிக்காரர் அதில் கால் பங்குக்கு மேல் ஆசைப்படக் கூடாது.

கடப்பாரை விஷயத்திலும் இதே எச்சரிக்கை. ஐந்து அடி நீளம், ஓர் அங்குலக் கனம் உள்ள முழுக் கடப்பாரை ஆறு கிலோ. தங்கவயல் மண்ணில் கல் அதிகம். கடப்பாரை இல்லாமல் முடியாது என்பது வாஸ்தவம். ஆனால் மூன்று அடி நீளம், முக்கால் அங்குலக் கனத்தில் ஒன்று அடித்துத் தரச் சொன்னால் இரண்டே கிலோதான். அதை ஓங்கிக் குத்த வேண்டாம். செருகி நெம்பினால் போதும். முதல் நாள் மாலையே அந்த இடத்தில் இரண்டு வாளித் தண்ணீர் ஊற்றி வைத்தால் பாதி வேலையை ஈரம் பார்த்துக் கொள்ளும். பிக்காசு வேண்டவே வேண்டாம். தாலிக் குண்டு பெரும்பாலும் உள்ளே அரக்கு வைத்த மெல்லிய தகடு. மேலே பிக்காசு விழுந்தால் அப்பளம்தான். எந்த ஆயுதமானாலும் குறிக்கு நேர் மேலே இறக்காமல், நாலு விரல் தள்ளி இறக்கிப் பக்கத்திலிருந்து அணுகுவது நலம்.

உண்மையில் இந்த வேலைக்கு மிகவும் உகந்தது களைக்கொத்தும் கொத்தனார் கரணையும்தான். சாக்கை நாலாக மடித்துப் போட்டு முட்டி போடலாம். முட்டியும் வலிக்கிறவர்கள் தாழ்ந்த மணையில் உட்கார்ந்து, குழியைக் கால்களுக்கு நடுவே, கைக்கெட்டும் பக்கத்தில் வைத்துக் கொள்ள வேண்டும். எடுத்த மண்ணை வீசாமல் பக்கத்தில் பிளாஸ்டிக் முறத்தில் போட்டுச் சலிக்க வேண்டும். இரும்புச் சட்டி கூடாது. கருவி அதைப் பார்த்துக் கத்தும். மம்பட்டி, கடப்பாரையையும் நாலு அடி தள்ளியே வைக்க வேண்டும்.

இன்னொன்று. வெயிலுக்கு முன் வேலையை முடித்துவிட வேண்டும் என்று விடியற்காலையில் எழுந்தவுடன் மம்பட்டியைத் தூக்குவது நம் பழக்கம். இடுப்பு வலிக்காரருக்கு அது ஆகாது. இரவு படுத்திருக்கும்போது முதுகுத் தட்டுகள் நீர் ஏறிப் பருத்திருக்கும். எழுந்த முதல் ஒன்றிரண்டு மணி நேரம் குனிவது அவற்றுக்குக் கூடுதல் சிரமம். காலையில் குனிவதைத் தவிர்த்தவர்களுக்கு நாள்பட்ட வலி குறைந்ததாக 1998-இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வு ஒன்றும் சொல்கிறது. காலாற நடந்து, காப்பி குடித்து, அப்புறம் தொடங்கலாம். இருபது நிமிஷத்துக்கு ஒரு முறை எழுந்து நிமிர வேண்டும். கால் மரத்துப் போனாலோ, சிறுநீர் கட்டுப்பாடு தவறினாலோ தைலம் தேய்த்துக் கொண்டு உட்காரக் கூடாது. அன்றே ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும்.

சயனைடு மேட்டுக்குப் போகாதீர்கள்

பேரன் கையில் கருவியைப் பார்த்ததும் தெருப் பையன்கள் சிலர், "அண்ணே, சயனைடு மலைக்குப் போலாமா?" என்று கேட்டார்களாம். கேட்காமல் இருந்தால்தான் ஆச்சரியம். அந்த மேடுகளில் தங்கம் இருப்பது உண்மை. சுமார் 3 கோடியே 30 லட்சம் டன் கழிவு குவிந்திருக்கிறது. 13 மேடுகளை ஏலம் விடும் மத்திய அரசின் யோசனைக்குக் கர்நாடக மந்திரி சபை 2024 ஜூன் மாதம் சம்மதமும் தந்தது. ஆனால் ஒரு டன் மண்ணுக்கு ஒரு கிராம் கூடத் தேறாத தூள் அது. மாவாக அரைத்துச் சயனைடில் கரைத்து எடுத்த பிறகு மிஞ்சியது. மெட்டல் டிடெக்டர் அதைக் கண்டால் வாயே திறக்காது. பழைய சுரங்க வாய்கள் பக்கம் போவது அதைவிட ஆபத்து. 2020 மே மாதம் மாரிகுப்பத்தில் மூடிய சுரங்கத்துக்குள் திருட இறங்கியவர்களில் மூன்று பேர் மூச்சுத் திணறி இறந்தார்கள்.

தன் வீட்டுக் கொல்லையில் தன் நகையைத் தேடுவது வேறு; பிறர் நிலத்திலோ சர்க்கார் நிலத்திலோ தோண்டுவது வேறு. புதையல் என்று எதுவும் அகப்பட்டால் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 1878-ஆம் ஆண்டிலேயே சட்டம் போட்டாயிற்று. புராதனச் சின்னங்கள் உள்ள இடங்களில் அனுமதி இல்லாமல் தோண்டுவதும் குற்றம்.

ஆண்டர்சன்பேட்டைக் கிழவர் ஒரு வாரம் படுத்து எழுந்தார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை பேரன் மீண்டும் வந்தான். இம்முறை கிழவர் மணையில் உட்கார்ந்து சல்லடையை மட்டும் பிடித்தார். பையன் கரணையால் சிறு சிறு குழிகளாக எடுத்து மண்ணைக் கொண்டு வந்து கொட்டினான். துவைகல்லுக்குப் பக்கத்தில், நாலு அங்குல ஆழத்தில், ஒரு குண்டு கிடைத்தது. சற்று நசுங்கியிருக்கிறது. முதல் நாள் மம்பட்டி பட்டதாக இருக்கலாம். கிழவர் அதை ஒப்புக் கொள்ளவில்லை. அந்த அம்மாள் அதை மஞ்சள் கயிற்றில் கோத்துக் கட்டிக் கொண்டார்.

மற்றொரு குண்டு இன்னும் கிடைக்கவில்லை. கொல்லையில் கிழக்குப் பக்கம் பாக்கி இருக்கிறது. கருவியை நண்பனிடம் இன்னும் ஒரு வாரத்துக்குக் கேட்டிருக்கிறான் பேரன்.