கூரை உண்டு, மனை இல்லை

லண்டனில் ரீஜன்ட்ஸ் கால்வாய்க் கரையோரம் நடந்தால், நீண்டு ஒடுங்கிய இரும்புப் படகுகள் வரிசையாகக் கட்டிக் கிடப்பதைப் பார்க்கலாம். கூரைமேல் விறகும் பூந்தொட்டியும் சூரியத் தகடும் இருக்கும். புகைபோக்கியில் புகை எழும். நகரத்து வாடகை கட்டுப்படியாகாமல் தண்ணீரில் குடியேறியவர்கள் பலர் இவற்றில் வாழ்கிறார்கள்.

‘நேரோபோட்’ எனப்படும் இந்தப் படகின் அகலம் 6 அடி 10 அங்குலம். 18ஆம் நூற்றாண்டில் பொறியாளர் ஜேம்ஸ் பிரிண்ட்லி அமைத்த கால்வாய் மடைகள் ஏறக்குறைய 7 அடி அகலமே இருந்தன. அவற்றில் நுழைவதற்காகச் சரக்குப் படகுகள் ஒடுங்கின. சரக்கு பிறகு ரயிலுக்கும் லாரிக்கும் போய்விட்டது; அந்த அளவு மட்டும் நிலைத்துவிட்டது. 57 அடி நீளப் படகில்கூட உள்ளே புழங்கும் இடம் 300 சதுர அடி தேறாது. எழுத்தாளர் டாம் ரோல்ட் 1939இல் ‘கிரெஸ்ஸி’ என்ற படகில் குடியேறி, அந்த வாழ்க்கையை 1944இல் நூலாக வெளியிட்டார். கைவிடப்பட்டுவந்த கால்வாய்களைக் காக்க 1946இல் சங்கம் தொடங்கியவர்களில் அவரும் ஒருவர்.

இடநெருக்கடி பழகிவிடும். மின்சாரக் கணக்கு அப்படிப் பழகுவதில்லை.

12 வோல்ட், 100 ஆம்பியர்-மணி பேட்டரி ஒன்றில் 1.2 யூனிட் மின்சாரம் அடங்கும். ஈய-அமில வகையாக இருந்தால், ஆயுள் கெடாமலிருக்கப் பாதியைத்தான் எடுக்கலாம். மிஞ்சுவது 0.6 யூனிட். 2,000 வாட் ஹீட்டர் அதைப் பதினெட்டு நிமிடத்தில் தீர்த்துவிடும். கோடையில் சூரியத் தகடுகள் ஈடுகொடுக்கும். டிசம்பர் இறுதியில் லண்டனில் பகல் எட்டு மணி நேரத்துக்கும் குறைவு. உச்சிவேளையிலும் சூரியன் அடிவானத்திலிருந்து ஏறக்குறைய 15 பாகைதான் ஏறும். அப்போது பேட்டரியை நிரப்ப டீசல் எஞ்சினை ஓட்ட வேண்டியிருக்கும்.

குளிருக்குக் கரியும் விறகும் எரியும் சிறிய அடுப்புதான் துணை. ஆனால் இரும்பு வெப்பத்தை எளிதில் கடத்தும். வெளியே உறைபனி, உள்ளே மூச்சுக்காற்றின் ஈரம். காப்புப்பூச்சு சரியில்லாத இடத்தில் ஆவி குளிர்ந்து சுவரெல்லாம் நீர் வழியும், பூஞ்சை பிடிக்கும். சமையல் எரிவாயுவும் ஈரத்தைக் கூட்டும்: ஒரு கிலோ வாயு எரிந்தால் ஏறக்குறைய ஒன்றரை கிலோ நீராவி உண்டாகும். இதற்கு மருந்து காற்றோட்டம்தான். குளிருக்கு அஞ்சிக் காற்றுத்துளைகளை அடைத்தால் ஆபத்து. சரியாக எரியாத அடுப்பிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. அது ரத்தத்தின் ஹீமோகுளோபினை ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கு மேல் இறுகப் பற்றிக்கொள்ளும். குடியிருப்பு அறை உள்ள படகுகளில் இதற்கான எச்சரிக்கைக் கருவி 2019 முதல் கட்டாயம்.

கழிப்பறைத் தொட்டி பெரும்பாலும் இருபது லிட்டர்தான் கொள்ளும். நிறைந்ததும் அதைக் கழிவு கொட்டும் இடத்துக்குச் சுமந்து போக வேண்டும். தண்ணீர்த் தொட்டி வற்றினால் படகையே குழாயடிக்கு ஓட்டிப்போக வேண்டும். கால்வாய் உறைந்துவிட்டால் இரண்டும் சிக்கல்.

கண்ணுக்குத் தெரியாத இன்னொரு செலவு நீர்மட்டத்துக்குக் கீழே நடக்கிறது. இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை படகைக் கரையேற்றி, அடிப்பாகத்தைச் சுரண்டித் தார்ப்பூச்சு பூசினால்தான் துரு அடங்கும். கரை மின்சாரத்தில் இணைத்தால் புதிய வினை: எர்த் கம்பி வழியே பக்கத்துப் படகின் உலோகமும் இந்தப் படகின் உலோகமும் ஒரே சுற்றில் சேர்கின்றன. நடுவில் தண்ணீர் இருப்பதால் அந்த ஏற்பாடே ஒரு பேட்டரியாகிவிடும். முதலில், இரும்புக்காகப் பலிகொடுக்கவே பொருத்திய மெக்னீசியக் கட்டிகள் கரையும். அவை தீர்ந்ததும் இரும்பில் குழி விழும். அதனால்தான் பழைய படகை வாங்குவோர் அதன் தகட்டின் தடிமனை மீயொலிக் கருவியால் அளந்து பார்க்கிறார்கள்.

இதையெல்லாம் உழைப்பால் சமாளிக்கலாம். நிற்க இடமில்லாததை எப்படிச் சமாளிப்பது? 1995ஆம் ஆண்டுச் சட்டப்படி, நிலையான துறை இல்லாத படகு பொதுவாக ஓரிடத்தில் 14 நாளுக்கு மேல் தொடர்ந்து நிற்கக் கூடாது. பிள்ளையின் பள்ளி நகராது. வீடு நகர்ந்தாக வேண்டும். நிலையான முகவரி கேட்கும் ஒவ்வொரு படிவமும் தலைவலி. துறை இல்லாப் படகுகளின் உரிமக் கட்டணத்தில் 2024 முதல் கூடுதல் தொகையும் சேர்ந்துவிட்டது.

ஆம்ஸ்டர்டாம் வேறு வழியைக் காட்டுகிறது. அங்குள்ள ‘ஸ்கூன்ஸ்கிப்’ மிதக்கும் குடியிருப்பில் 46 குடும்பங்களுக்கு நிலையான இடம் உண்டு. கால்வாய் நீரிலிருந்தே வெப்பம் எடுக்கும் கருவிகள் வீடுகளைச் சூடேற்றுகின்றன. எல்லா வீடுகளும் பொது மின்கட்டமைப்போடு ஒரே இணைப்பைப் பகிர்கின்றன. அங்கே மிதக்கும் வீடும் தெருவில் உள்ள வீட்டைப் போலவே திட்டமிடப்பட்டது. லண்டன் கால்வாய்களுக்கும் இதுவே முதல் தேவை: நிலையான துறைகள், போதிய குழாயடிகள், நடந்து எட்டும் தூரத்தில் கழிவு கொட்டும் இடங்கள். இவை வரும்வரை, குறைந்த வாடகையின் மிச்சத்தைப் படகுவாசிகள் தங்கள் உடலுழைப்பாலும் நிம்மதியாலும் கட்டிக்கொண்டிருப்பார்கள்.