ரெயில் உச்சியில் 'பளிச் பளிச்'! செம்பு வயரைக் காக்கத் தேயும் கரிப்பட்டை

சென்னை,

ராத்திரி 9 மணிக்கு மேல் மாம்பலத்திலோ சைதாப்பேட்டையிலோ பிளாட்பாரத்தில் நின்று பாருங்கள். மின்சார ரெயில் தடதடவென்று வரும். திடீரென்று பெட்டியின் உச்சியில் 'பளிச்'! நீல வெளிச்சம். "ஐயோ, தீப்பிடிச்சிடுச்சு" என்று சிலர் பதறிப் போவார்கள்.

தீ கிடையாது. மேலே போகிற வயரும், ரெயில் தூக்கிப் பிடித்திருக்கும் இரும்புக் கையும் கண் இமைக்கும் நேரம் பிரிந்து, மறுபடி சேர்ந்தன. அந்த இடைவெளியில் கரண்ட் தாவியது. உள்ளே உட்கார்ந்திருப்பவர்களுக்கு ஒன்றும் ஆகாது. அடி எல்லாம் வயருக்குத்தான்!

அந்தக் கைக்குப் பெயர் 'பேண்டோகிராப்'. அதன் தலையில் குறுக்காகப் பதித்திருப்பது கரிப்பட்டை. ஆம், கரிதான். ரெயில் ஓடும்போது வயரில் உரசிக்கொண்டே 25 ஆயிரம் வோல்ட் மின்சாரத்தை வாங்கிக் கீழே அனுப்புவது இதுதான்.

கரி எதற்கு?

முன்பு எஃகுப் பட்டைதான் போட்டார்கள். எஃகு நன்றாக உழைக்கும். ஆனால் செம்பு வயரை அரம் மாதிரி ராவிவிடும். பட்டையை ஷெட்டில் வைத்து மாற்றிவிடலாம். தூணுக்குத் தூண் இழுத்துக் கட்டிய வயரை மாற்றுவது லேசுப்பட்ட காரியமா? அதனால் 'நீ தேய்ந்து போ, வயர் பிழைக்கட்டும்' என்று கரியைப் போட்டார்கள். செம்புத்தூள் போன்ற உலோகம் கலந்த கரி இது. சூட்டில் உருகாது, வயரோடு ஒட்டிக்கொள்ளாது. உரச உரச வயரின்மேல் மெல்லிய கரிப்பூச்சு படியும். எண்ணெய் போட்ட மாதிரி வழுக்கும்.

கரி ஒரே இடத்தில் தேய்ந்தால் வாய்க்கால் விழுந்துவிடும். அதற்கும் ஒரு தந்திரம் உண்டு. நேர்ப்பாதையில் ஒரு தூணில் வயர் 20 சென்டிமீட்டர் இடப்பக்கம் தள்ளியிருக்கும். அடுத்த தூணில் வலப்பக்கம். வயர் பாம்பு மாதிரி போவதால், கரிப்பட்டை முழுவதும் பரவலாகத் தேயும்.

ஏழு கிலோ கணக்கு

பேண்டோகிராப் வயரை மேல்நோக்கி அழுத்துவது சுமார் 7 கிலோ பலத்தில். இதுதான் சூட்சுமம். அழுத்தம் கூடினால் உரசித் தேயும். குறைந்தால் இடைவெளி விழுந்து பொறி பறக்கும். பொறியின் சூடு பல ஆயிரம் டிகிரி. செம்பு உருக 1,083 டிகிரி வேண்டும். உருகத்தான் வேண்டும் என்றில்லை. 200 டிகிரியை ஒட்டிச் சூடு நீடித்தாலே விறைப்பாக இழுத்த செம்பு இளகிப் பலம் போய்விடும். பொறி பட்டுச் சொரசொரப்பான கரி வயரை மறுபடி அறுக்கும். சொரசொரப்பான வயர் கரியைக் கடிக்கும். விட்டால் இது நிற்காது.

நம்ம ஊரில் 1931-ல் கடற்கரை - தாம்பரம் மின்சார ரெயில் 1,500 வோல்ட்டில்தான் ஓடத் தொடங்கியது. 1967-ல் 25 ஆயிரம் வோல்ட்டுக்கு மாற்றினார்கள். வோல்ட் ஏறினால் அதே வேலைக்குக் கரண்ட் சுமார் 16-ல் ஒரு பங்கு போதும். கரண்ட் குறைந்தால் உரசும் இடத்தில் சூடும் வெகுவாகக் குறையும்.

வெயில் இன்னொரு வில்லன். 20 டிகிரி ஏறினால் 1 கிலோ மீட்டர் செம்பு வயர் 34 சென்டிமீட்டர் நீளும். தொய்ந்தால் பொறிதான். அதனால்தான் சில தூண்களில் கப்பி போட்டு இரும்பு எடைகளைக் கட்டித் தொங்கவிட்டிருக்கிறார்கள். வயர் நீண்டால் எடை கீழே இறங்கி இழுத்துப் பிடிக்கும்.

நள்ளிரவு வேலை

கரிப்பட்டை ஓரம் உடைந்து வயரில் மாட்டினால் அவ்வளவுதான்! ரெயில் ஓடுகிற வேகத்தில் வயரைப் பிய்த்துக்கொண்டு போகும். மொத்த லைனும் படுத்துவிடும். புதிய பேண்டோகிராப் சிலவற்றில் கரிக்குள் காற்றுக்குழாய் இருக்கிறது. கரி உடைந்தால் காற்று கசிந்து கை தானாக மடங்கிவிடும்.

ஆவடி, தாம்பரம் ஷெட்களில் கூரைமேல் ஏறிக் கரியின் கனத்தையும் விரிசலையும் பார்ப்பது ஒரு கூட்டம். ரெயில் ஓய்ந்த பின் டவர் வண்டியில் போய் வயரைப் பார்ப்பது இன்னொரு கூட்டம். லைனை ஆப் செய்தாலும் உடனே தொட்டுவிட முடியாது. எர்த் கம்பியை மாட்டிய பிறகுதான் கை வைக்க வேண்டும். பக்கத்து லைனில் 25 ஆயிரம் வோல்ட் ஓடிக்கொண்டிருக்கும். தூங்கி வழிகிற நேரத்தில் பார்க்கிற வேலை இது.

இவர்கள் பாடுபட்டுச் சரிசெய்த வயரில் பறந்து வந்து சிக்குவது பேனர் துணியும் பட்ட நூலும். பார்த்தால் கம்பு வைத்து இழுக்காதீர்கள். ஈரக் கம்பும் மாஞ்சா நூலும் கரண்டைக் கடத்தும். ஸ்டேஷன் மாஸ்டரிடம் சொல்லுங்கள்.