விழிப்புணர்வு நாள்களில் நாங்கள் தரும் சிறு பொருள்கள் எதற்காக?

எங்கள் மருத்துவமனையின் புறநோயாளிகள் பிரிவு வாயிலில், ஆண்டின் சில நாள்களில் ஒரு மேசை இடப்பட்டிருப்பதை நீங்கள் கண்டிருக்கலாம். மார்ச் 24 உலகக் காசநோய் நாள். ஜூன் 14 உலகக் குருதிக் கொடையாளர் நாள். அக்டோபர் மார்பகப் புற்றுநோய் விழிப்புணர்வு மாதம். நவம்பர் 14 உலக நீரிழிவு நாள். டிசம்பர் 1 உலக எய்ட்ஸ் நாள். அந்நாள்களில் செவிலியரும் சமூகப் பணியாளரும் அங்கு நின்று, ரிப்பன், அளவு நாடா, துணிப்பை, அட்டை என ஏதேனும் ஒன்றை வருவோர் கையில் தருவர். சிலர் மகிழ்ந்து பெற்றுக்கொள்கின்றனர். சிலரோ, "இதை வைத்துக்கொண்டால் நோய் தீர்ந்துவிடுமா?" என்று கேட்கின்றனர்.

கேள்வி நியாயமானதே. ஒரு பொருளைப் பெற்று வீட்டுக்கு எடுத்துச் செல்வதால் எந்த நோயும் தீர்வதில்லை, தடுக்கப்படுவதும் இல்லை. அப்பொருள் உங்களை ஒரு செயலுக்கு இட்டுச் சென்றால் மட்டுமே அதற்குப் பயன் உண்டு. எந்தப் பொருள் எந்தச் செயலைக் கேட்கிறது, எவற்றை நாங்கள் தருவதில்லை, ஏன் தருவதில்லை என்பவற்றை இங்கு விளக்க விரும்புகிறோம்.

ரிப்பன் பிறந்த வரலாறு

எய்ட்ஸ் விழிப்புணர்வின் சின்னமான சிவப்பு ரிப்பன் 1991ஆம் ஆண்டு நியூயார்க் நகரில் கலைஞர் குழு ஒன்றால் உருவாக்கப்பட்டது. அந்நோயின் பெயரை வாய்விட்டுச் சொல்லவே மக்கள் அஞ்சிய காலம் அது. வளைகுடாப் போருக்குச் சென்ற வீரர்களை நினைத்து அமெரிக்க மக்கள் கட்டிய மஞ்சள் ரிப்பன்களைக் கண்ட அக்கலைஞர்கள், நோயுற்றோர்க்கும் அத்தகைய அடையாளம் ஒன்று வேண்டும் என்று எண்ணினர். அதன்மீது எவரும் தனியுரிமை கொண்டாடவில்லை. ஒரு துண்டுத் துணியும் ஓர் ஊக்கும் இருந்தால் யாரும் செய்து அணியலாம். இந்தியாவில் எச்.ஐ.வி. தொற்று முதன்முதலில் 1986இல் சென்னையில் கண்டறியப்பட்டது. மருத்துவர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் மேற்கொண்ட ஆய்வே அதனை வெளிக்கொணர்ந்தது. ஆகவே அந்தச் சிவப்பு ரிப்பன் நமக்குத் தொலைநாட்டுச் சின்னம் அன்று.

மார்பகப் புற்றுநோயின் இளஞ்சிவப்பு ரிப்பனுக்கு முன்னோடியாக வேறொரு நிற ரிப்பன் இருந்தது. சார்லட் ஹேலி என்னும் அமெரிக்கப் பெண்மணி 1990களின் தொடக்கத்தில் பீச் பழ நிறத்தில் ரிப்பன்களைத் தம் கையாலேயே செய்து வழங்கினார். ஒவ்வோர் அட்டையிலும் ஐந்து ரிப்பன்கள் இருந்தன. தேசியப் புற்றுநோய் நிறுவனத்தின் ஆண்டு நிதி 180 கோடி டாலர்; அதில் 5 விழுக்காடு மட்டுமே தடுப்புக்குச் செல்கிறது; இந்த ரிப்பனை அணிந்து சட்டமியற்றுவோரை விழிக்கச் செய்யுங்கள் என்பது அந்த அட்டையின் செய்தி. 1992இல் இதழ் ஒன்று அந்த ரிப்பனைப் பெரிய அளவில் வெளியிட விரும்பியபோது, அது வணிகமாகிவிடும் என்று கருதி அவர் இசையவில்லை. நிறம் மாற்றப்பட்டது. இளஞ்சிவப்பு ரிப்பன் உலகெங்கும் பரவியது. அவருடைய அட்டையிலிருந்த கோரிக்கை அதனுடன் பயணம் செய்யவில்லை.

இதிலிருந்து நாங்கள் கொண்ட பாடம் எளியது. ரிப்பனை மட்டும் தனியே தருவதில்லை. அதனுடன் ஓர் அட்டையையும் இணைத்தே தருகிறோம். அக்டோபர் மாத அட்டையில் உள்ள செய்தி இது: 30 முதல் 65 வயது வரையுள்ள பெண்கள் ஐந்தாண்டுகளுக்கு ஒருமுறை பயிற்சி பெற்ற மருத்துவப் பணியாளரிடம் மார்பகப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும் என்பது இந்திய அரசின் பரிசோதனைத் திட்டம் வகுத்த முறை. ஆயினும் கட்டி, தோலில் குழிவு, காம்பு உள்ளிழுத்தல், காம்பிலிருந்து இரத்தக் கசிவு ஆகியவற்றுள் எது தென்பட்டாலும், வயது எதுவாயினும், உடனே வர வேண்டும். வலி இல்லை என்பதற்காகக் காத்திருத்தல் கூடாது. ரிப்பனை அணிந்து, பரிசோதனைக்கு வராமல் இருப்பதைவிட, ரிப்பனை அணியாது பரிசோதனைக்கு வருவதே மேல்.

விரல் நுனியில் ஒரு மை

செயலுடன் பிணைந்த அடையாளத்திற்கு நம் நாட்டிலேயே ஒரு சிறந்த சான்று உண்டு. போலியோ சொட்டு மருந்து முகாம்களில் மருந்து பெற்ற குழந்தையின் இடக்கைச் சுண்டுவிரலில் மை இடுவார்கள். அந்த மைக்கு விலை ஏதும் இல்லை; அழகும் இல்லை. ஆனால் வீடு வீடாகச் செல்லும் பணியாளர் அதனைக் கண்டவுடன் இக்குழந்தை மருந்து பெற்றது என்று அறிவார். மை இல்லாத விரலைக் கண்டால் அங்கேயே மருந்து தருவார். இந்தியாவில் இயற்கைப் போலியோ வைரசால் நேர்ந்த இறுதிப் பாதிப்பு 2011 ஜனவரி 13 அன்று பதிவாயிற்று. 2014 மார்ச் 27 அன்று உலக நலவாழ்வு அமைப்பின் தென்கிழக்கு ஆசிய மண்டலம் போலியோ அற்றதாகச் சான்றளிக்கப்பட்டது. செய்து முடிக்கப்பட்ட ஒரு செயலுக்கு அடையாளமாக நின்றதே அந்த மையின் சிறப்பு. எங்கள் பொருள்களைத் தேர்ந்தெடுக்கும்போதும் இதே அளவுகோலைக் கொள்ள முயல்கிறோம்.

பயன்படுத்தும் முறை

அளவு நாடா: இன்சுலினைக் கண்டறிந்தவர்களுள் ஒருவரான பிரெடரிக் பான்டிங் பிறந்த நாளே நவம்பர் 14. அன்று நாங்கள் தரும் துணி அளவு நாடாவில் 80 செ.மீ., 90 செ.மீ. ஆகிய இரு இடங்களில் நிறக்கோடு இருக்கும். நம் நாட்டுப் பெண்களுக்கு இடுப்பின் சுற்றளவு 80 செ.மீ.க்கும், ஆண்களுக்கு 90 செ.மீ.க்கும் மேற்படுமாயின், உடல் எடை சரியாகத் தோன்றினாலும், நீரிழிவும் இதயநோயும் வரும் வாய்ப்பு கூடுகிறது. கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல்விளிம்புக்கும் நடுவில், இயல்பாக மூச்சை வெளிவிட்ட பின் அளக்க வேண்டும். கோட்டைத் தாண்டியிருப்பின் இரத்தச் சர்க்கரைப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். வீட்டிலுள்ள பெரியவர்கள் அனைவரையும் அளந்து பாருங்கள்.

ஒரு லிட்டர் புட்டி: ஜூலை 29 உப்புச் சர்க்கரைக் கரைசல் நாள். 1971இல் வங்கதேச அகதிகள் முகாமில் வாந்திபேதி பரவியபோது, மருத்துவர் திலீப் மகலானாபிஸ் உப்பையும் குளுக்கோசையும் நீரில் கரைத்துக் கொடுக்கச் செய்து ஏராளமான உயிர்களைக் காத்தார். அக்கரைசலின் வழிவந்ததே இன்றைய ஓ.ஆர்.எஸ். பொட்டலம். இதில் வீடுகளில் நேரும் பிழை அளவைப் பற்றியது. ஒரு லிட்டருக்கான பொட்டலத்தில் பாதியை ஒரு தம்ளர் நீரில் கரைத்தால் உப்பு மிகுந்து தீங்கு விளைவிக்கும். நீரை மிகைப்படுத்தினால் பயன் குறையும். ஆகவே பொட்டலத்தை மட்டும் தராமல், ஒரு லிட்டர்க் கோடு இட்ட புட்டியையும் சேர்த்துத் தருகிறோம். சிறு பொட்டலங்களும் கடையில் கிடைப்பதால் உறையில் அச்சிட்ட நீரின் அளவைப் படித்துப் பார்ப்பது நல்லது. கரைத்த நீரை 24 மணி நேரத்திற்குமேல் வைத்திருக்கலாகாது. கடையில் விற்கும் இனிப்புப் பானங்கள் இதற்கு ஈடாகா. குழந்தைக்கு மருத்துவர் தரும் துத்தநாக மருந்தை, பேதி நின்ற பின்னும், 14 நாள்கள் முழுமையாகக் கொடுக்க வேண்டும்.

காந்த அட்டை: அக்டோபர் 29 உலகப் பக்கவாத நாள். அன்று தரும் அட்டையைக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டி வைக்கலாம். முகம் ஒருபுறம் கோணுதல், ஒரு கை துவண்டு விழுதல், பேச்சுக் குழறுதல் ஆகிய மூன்று குறிகளும், 108 என்னும் அவசர ஊர்தி எண்ணும் அதில் உள்ளன. அதன் அடியில் ஒரு வெற்றிடம் விட்டிருக்கிறோம். நோயாளி இயல்பாக இருந்ததைக் கடைசியாகக் கண்ட நேரத்தை அதில் குறிக்க வேண்டும். இரத்தக் கட்டியைக் கரைக்கும் மருந்தைப் பொதுவாக முதல் நாலரை மணி நேரத்திற்குள்ளேயே செலுத்த இயலும் என்பதால், மருத்துவர் முதலில் கேட்கும் கேள்வி அதுவே. வீட்டு வைத்தியம் பார்த்துக் கழியும் ஒவ்வொரு நிமிடமும் மூளையின் இழப்பு.

மஞ்சப்பை: தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தி எறியும் ஞெகிழிப் பொருள்கள் 2019 ஜனவரி 1 முதல் தடை செய்யப்பட்டுள்ளன. எனவே எங்கள் பொருள்களைத் துணிப்பையிலேயே தருகிறோம். பழைய மருந்துச் சீட்டுகள், ஆய்வக முடிவுகள், எக்ஸ்ரே, ஸ்கேன் படங்கள் அனைத்தையும் அப்பையிலேயே சேர்த்து வைத்து, மருத்துவரைக் காண வரும்போது எடுத்து வாருங்கள். ஒரே பரிசோதனையை இருமுறை செய்யும் செலவையும் அலைச்சலையும் அது மிச்சப்படுத்தும்.

அட்டை மட்டும் போதாத இடம்

ஆகஸ்ட் 3 இந்திய உடல் உறுப்புக் கொடை நாள். 1994இல் அதே நாளில்தான், மூளைச்சாவு அடைந்த ஒருவரின் இதயம் தில்லியில் மற்றொருவருக்கு வெற்றிகரமாகப் பொருத்தப்பட்டது. அன்று பலர் உறுதிமொழி அளித்து, கொடையாளர் அட்டையைப் பெற்றுப் பணப்பையில் வைத்துக்கொள்கின்றனர். அவர்கள் ஒன்றை அறிந்திருத்தல் வேண்டும். மூளைச்சாவு உறுதிசெய்யப்பட்ட பின், மருத்துவமனை நெருங்கிய உறவினரின் இசைவைக் கேட்கும். அவர்கள் மறுத்தால், அட்டை இருந்தும் கொடை நிகழ்வதில்லை. பெருந்துயரில் நிற்கும் மனைவியோ மகனோ, "அவருடைய விருப்பம் எங்களுக்குத் தெரியாதே" என்று திகைக்கும் நிலையை நாம் தவிர்க்கலாம். அட்டை பெற்ற அன்றிரவே குடும்பத்தாரிடம் அதைக் காட்டிப் பேசுங்கள். அந்தப் பேச்சு நிகழ்ந்தாலொழிய அட்டை வெறும் காகிதமே.

குருதிக்கொடைக்கு நாங்கள் தரும் பொருள் மிகச் சிறியதாக இருப்பதற்கும் காரணம் உண்டு. பணத்திற்காகக் குருதி தருவது நம் நாட்டில் 1998 முதல் தடை செய்யப்பட்டுள்ளது. பணத்திற்காகவோ விலையுயர்ந்த பரிசுக்காகவோ வருபவர் தம் நோயை மறைக்கக்கூடும். அதன் விளைவைக் குருதி பெறும் நோயாளியே அனுபவிப்பார். ஆகவே சான்றிதழும் ஒரு சிறு அட்டையும் மட்டுமே தருகிறோம். அடுத்து எப்போது வரலாம் என்னும் தேதி அந்த அட்டையில் எழுதப்பட்டிருக்கும்: ஆண்களுக்கு 90 நாள்கள் கழித்து, பெண்களுக்கு 120 நாள்கள் கழித்து. 18 முதல் 65 வயதுக்குட்பட்டு, 45 கிலோவுக்குக் குறையாத எடையும் 12.5 கிராமுக்குக் குறையாத ஹீமோகுளோபினும் உள்ள நலமானவர் எவரும் வரலாம்.

நாங்கள் தராதவை

ஆகஸ்ட் முதல் வாரம் உலகத் தாய்ப்பால் வாரம். அவ்வாரத்தில் பால்புட்டி, இரப்பர்க் காம்பு, பால்மாவு ஆகியவற்றையோ, அவற்றைத் தயாரிப்போர் பெயர் பொறித்த பொம்மை, நாள்காட்டி முதலியவற்றையோ நாங்கள் தருவதுமில்லை. எவரையும் தர விடுவதுமில்லை. 1992ஆம் ஆண்டுச் சட்டம் தாய்மார்க்கு இத்தகைய இலவசங்கள் தருவதைத் தடை செய்கிறது. ஓர் இலவச டப்பா தீர்வதற்குள் தாய்க்குப் பால் சுரப்பு குறைந்துவிடக்கூடும்; பின்னர் விலை கொடுத்து வாங்கும் நிலை ஏற்படும். எடை குறைந்து பிறந்து, நேரடியாக அருந்த இயலாத குழந்தைகளின் தாய்மார்க்கு மட்டும், பிழிந்தெடுத்த தாய்ப்பாலைப் புகட்டுவதற்கு, நம் பாட்டிமார் கையாண்ட பால்சங்கைத் தருகிறோம். அதனைக் கொதிநீரில் இட்டுத் தூய்மை செய்யும் முறையைச் செவிலியர் கற்றுத் தருவர்.

காசநோய், எச்.ஐ.வி. ஆகியவற்றுக்கான நாள்களில் வாயிலைக் கடப்போர் அனைவருக்கும் ஒரே பொருளையே தருகிறோம். சிகிச்சை பெறுவோர்க்கு மட்டும் தனியாக எதுவும் தருவதில்லை. கையிலுள்ள பையைக் கண்டு அண்டை வீட்டார் நோயை ஊகிப்பார்களாயின், அந்தப் பை உதவியன்று, தண்டனை. ஒருவரின் எச்.ஐ.வி. நிலையை அவர் இசைவின்றி வெளிப்படுத்தலாகாது என்பதை 2017ஆம் ஆண்டுச் சட்டமும் வலியுறுத்துகிறது.

உங்கள் ஐயங்களுக்கு

இப்பொருள்களின் செலவு உங்கள் சிகிச்சைக் கட்டணத்தில் சேர்க்கப்படுவதில்லை. இங்குச் சிகிச்சை பெறாதவரும் கேட்டுப் பெறலாம். வேண்டாம் என்று சொல்லவும் உங்களுக்கு முழு உரிமை உண்டு. அதனால் சிகிச்சையில் எவ்வித வேறுபாடும் இராது. பள்ளி, கோயில் விழாக் குழு, குடியிருப்போர் சங்கம் ஆகியவற்றின் சார்பில் இத்தகைய நாள்களை நடத்த விரும்புவோர் எங்கள் சமூகப் பணிப் பிரிவை அணுகலாம். பொருளைத் தேர்ந்தெடுக்குமுன், "இதைப் பெற்றவர் நாளைக் காலையில் என்ன செய்ய வேண்டும்?" என்னும் கேள்விக்கு ஒரே வரியில் விடை எழுதிப் பாருங்கள். விடை கிடைத்தால் அப்பொருளை வாங்கலாம். கிடைக்காவிடில், அந்தப் பணத்தில் நூறு பேருக்கு இரத்த அழுத்தம் பார்க்க ஏற்பாடு செய்வதே நல்லது.

இதற்கு முன் நீங்கள் பெற்ற அட்டையோ அளவு நாடாவோ வீட்டு அலமாரியில் இருக்குமாயின், இன்று அதனை எடுத்துப் பாருங்கள். அது கேட்கும் செயலை நிறைவேற்ற எங்கள் உதவி தேவைப்பட்டால், புறநோயாளிகள் பிரிவின் விசாரணை மேசையில் அதைக் காட்டினாலே போதும். உரிய பிரிவுக்கு உங்களை அழைத்துச் செல்வது எங்கள் பொறுப்பு.