மெலிந்த மடிக்கணினியும் திருச்சி வெயிலும்

ஸ்ரீரங்கத்திலிருந்து காவிரிப் பாலத்தைக் கடந்து திருச்சிக் கல்லூரிகளுக்குச் செல்லும் மாணவரின் பையில், இன்று ஒரு கணினி நோட்டுப் புத்தகங்களோடு அடங்கிவிடுகிறது. 1981-இல் வெளிவந்த ‘ஆஸ்பார்ன் 1’ என்னும் கையில் தூக்கிச் செல்லும் கணினியின் எடை ஏறத்தாழ 11 கிலோகிராம்! 2008-இல் வந்த ‘மேக்புக் ஏர்’ 1.36 கிலோகிராம்தான், அதன் தடித்த பகுதியே 2 செ.மீ.க்குக் குறைவு. 2011-இல் இன்டெல் நிறுவனம் ‘அல்ட்ராபுக்’ என்ற பெயரில் இவ்வகையைப் பரப்பியது. அதே ஆண்டு செப்டம்பரில், ஸ்ரீரங்கம் தொகுதியில் வென்று முதலமைச்சரான ஜெயலலிதா, மாணவர்களுக்கான விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கினார். அப்போது வழங்கப்பட்டவை வழக்கமான பருமன் உள்ளவையே.

கணினி எவ்வாறு மெலிந்தது?

முதலில், 9.5 மி.மீ. தடிப்புள்ள சுழலும் வன்தட்டுக்குப் பதிலாக, அசையும் உறுப்பு ஏதுமில்லாத நினைவகச் சில்லுகள் வந்தன. குறுந்தகட்டுப் பெட்டி நீக்கப்பட்டது. இவற்றினும் முக்கியமானது மின்சாரச் சிக்கனம். வழக்கமான மடிக்கணினிச் செயலி 35 வாட் அளவில் வடிவமைக்கப்பட்டிருக்க, அல்ட்ராபுக் செயலி 17 வாட்டில் அமைந்தது. செயலி உட்கொள்ளும் மின்சாரம் முழுவதும் முடிவில் வெப்பமாகவே வெளிப்படுகிறது. வெப்பம் குறைந்தால் சிறிய விசிறி போதும்; மின்சாரம் குறைந்தால் சிறிய மின்கலம் போதும். 50 வாட்-மணி மின்கலம் 10 வாட் செலவில் 5 மணி நேரமும், 5 வாட் செலவில் 10 மணி நேரமும் உழைக்கும்.

ஆயினும் இங்கே ஓர் இடர்ப்பாடு உண்டு. ஒரு பொருளிலிருந்து வெளியேறும் வெப்பம், அதற்கும் சுற்றுப்புறக் காற்றுக்கும் உள்ள வெப்பநிலை வேறுபாட்டைப் பொறுத்தது. விசிறியில்லாத கணினியின் மேற்புறம் 45 டிகிரி செல்சியஸ் என்று கொள்வோம். அறை 25 டிகிரியாக இருந்தால் வேறுபாடு 20. சித்திரை வெயிலில் மாடி அறை 40 டிகிரியை எட்டினால் வேறுபாடு 5 மட்டுமே. வெளியேறும் வெப்பமும் ஏறத்தாழக் கால் பங்காகிவிடும். அப்போது சூடு மிகாதிருக்கக் கணினி தானே தன் வேகத்தைக் குறைத்துக்கொள்கிறது. இது பழுதன்று, தற்காப்பு.

எனவே மெல்லிய கணினியை மெத்தைமேல் வைக்கலாகாது. கெட்டியான மேசையில், மின்விசிறிக் காற்றில் வைப்பது நன்று. மின்கலம் உப்பினால் உடனே பயன்பாட்டை நிறுத்திவிட வேண்டும்.

வாங்குமுன் மற்றொன்றையும் கேட்டறிக. மெல்லிய கணினிகள் பலவற்றில் நினைவகம் பலகையிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கும். பின்னர் கூட்ட இயலாது. கடன் வாங்கிக் கணினி வாங்கும் குடும்பத்துக்கு, ஒரு கணினி எத்தனை ஆண்டுகள் உழைக்கும், உள்ளூரிலேயே பழுது பார்க்க முடியுமா என்பவை, அதன் எடையைவிடக் கனமான கேள்விகள் அல்லவா?